‘இன்னா உறவு’ அழித்த வரி

கோட்டையில் அந்தக் காலத்தில் கைதிகளைத் தள்ளிச் சாகவிட்ட பாறைக்கிணற்றை எட்டிப் பார்த்துக் கூவுகிற தைரியசாலிகள் செஞ்சியில் உண்டு. ‘இன்னா உறவு’ என்று ஊர் பேர் வைத்தவர் எதிரே கண்ணிமைக்காமல் நின்றவர் ஒருத்தரும் கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை. பிரித்துப்போட்ட செத்த போன்களுக்கு நடுவே அசையாமல் உட்கார்ந்திருப்பார். நிஜ வேலை வேறு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குக் காவல். வேண்டப்பட்டவரைப் பற்றி வேண்டப்பட்டவர் எழுதக் கூடாது என்பது அங்கே விதி. மீறி எழுதினால் வரியை அழித்துவிட்டு, எழுதியவனை எப்படியோ கண்டுபிடித்து வந்து, “உனுக்கும் அதுக்கும் இன்னா உறவு?” என்பார். பேர் அப்படி வந்ததுதான்.

விதி அவருக்கும் உண்டு. அங்கேயே மேல்மலையனூர் கோயிலைப் பற்றிய பக்கத்தில் ஒரு தப்பு இருந்தது. “எங்க குலசாமி, நான் கை வைக்கக் கூடாது. வெளியாளு யாருனா திருத்தட்டும்” என்று காத்திருந்தார். தப்பு இன்னும் இருக்கிறது. அம்மனும் பொறுத்துக்கொண்டிருக்கிறாள்.

ஒரு சாவு வீட்டில் மகன், “எங்க நைனா தங்கமான மனுசன்” என்று அழுதான். இவர் கூட்டத்தைப் பார்த்து, “புள்ள சொன்னா செல்லாது. வெளியாளு யாருனா சொல்லுங்க” என்றார். ஆளாளுக்குச் செருப்பைத் தேடினார்கள். பிணமே சங்கடப்பட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

என் ஆசை சின்னது. நான் நடத்தும் லாட்ஜைப் பற்றி ஒரு வரி. ‘வரலாற்றுச் சிறப்புமிக்க விடுதி’ என்று கள்ளப்பேரில் எழுதினேன். டீ ஆறுவதற்குள் வரி போய்விட்டது. நிமிர்ந்தால் வாசலில் அவர்.

“இன்னா லாட்ஜு, உனுக்கும் அதுக்கும் இன்னா உறவு?”

“நான்தான்னு எப்டிண்ணா தெரிஞ்சுது?”

“வெளியாளு எவன்யா உன் லாட்ஜைப் புகழ்வான்?”

போன ஆடியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரியாவது வேண்டாமா? ‘இப்பக்கத்தைக் காத்தவர் இவ்வூரில் வாழ்ந்தார்’ என்று எழுதினேன்.

மறுநாள் வரி இல்லை. அழித்திருந்தது அங்கே அவர் பேரில் இருக்கிற கணக்கு. காரணம் போட்டிருந்தது: ‘எழுதியவர் எனக்கு நெருங்கியவர். செல்லாது.’

அவர் சம்சாரத்திடம் ஓடினேன். “அவரு போன் இப்ப யார்ட்டம்மா இருக்குது?”

“உசுரா வெச்சிருந்தாரேண்ணா, அவரோடவே குழியில வெச்சிட்டோம். ஏன்?”

“சும்மாதான்மா.”

இத்தனை வருஷத்தில் என்னை ‘லாட்ஜு’ என்பதைத் தவிர அவர் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

இதைப் படிக்கிற வெளியாள் யாராவது அவருக்கு ஒரு வரி எழுதுங்களேன். நான் எழுதக் கூடாது, நெருங்கியவன்.