துக்க வீட்டில் எபிரெயம்

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். பல வருடமாகப் பார்க்கிறேன், ஒரு தடவைகூட இது மாறியதில்லை. துக்கம் நடந்த வீட்டு வாசலில் மற்றவர்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, இவர் மட்டும் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்து, டப்பென்று திறந்து, கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து, மாட்டி, அதன் பிறகுதான் செருப்பை விடுவார். அழுகிற முகத்தைப் பார்க்க இவ்வளவு தெளிவான கண் வேண்டுமா என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்க்க அல்ல. வேதத்தைப் பார்க்க.

இந்த இனத்துக்கு மூலபாஷைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். அங்கே அவர் கையில் சமஸ்கிருதம் இருக்கலாம், சட்டம் இருக்கலாம், வைத்தியப் பெயர்கள் இருக்கலாம். கொல்லிமலையில், சோளக்காடு ஊருக்கு மேலே இருக்கும் எங்கள் சின்ன ஜெபக்கூட்டத்தில், அவர் கையில் எபிரெயம் இருக்கிறது.

அவரைக் கண்டுபிடிக்க வழி சுலபம். உங்களுக்கு ஏதாவது கெட்டது நடந்தால் போதும். சாப்பாட்டோடு ஒருவர் வருவார், சுருட்டிய பாயோடு ஒருவர் வருவார். அர்த்தத்தோடு வருகிறவர் இவர்.

எங்கள் மூலபாஷைக்காரர் பெயர் தேவராஜ். சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து மலைக்கு வந்து நிலம் வாங்கி, காப்பி வைத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகளும் கட்டியவர். போதகர் கீழேயிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற வாரங்களில் பாடம் எடுப்பது தேவராஜ் அண்ணன்தான். நாமக்கல்லில் ஒரு வேதபாட வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்து அவருக்குத் தமிழ் வேதம் போதவில்லை. எதைப் படித்தாலும், "இது மூலத்துல அப்படி இல்லீங்க" என்று நிறுத்துவார். நாங்களும் நிறுத்திவிடுவோம். மூலத்தைப் பார்த்தவர் எங்களில் யார்?

மிளகு பறிக்க மரமேறிய மாதேஸ்வரன் அண்ணன் விழுந்து கால் முறிந்த அன்று நான் அங்கே இருந்தேன். தேவராஜ் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய காலை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேதத்துல இதுக்கு ஒரு வார்த்தை இருக்குது."

"வார்த்தை இருக்கட்டுங்க. செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி இருக்குதுங்களா?"

"அதுக்குத்தான் வாரேன்."

வந்தார். ஆனால் ஆதியாகமத்திலிருந்து கிளம்பி வந்தார். வண்டி வர நேரமாகிவிட்டது.

அந்த வார்த்தை 'ரா'. நம் வேதத்தில் தீங்கு என்று போட்டிருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது அதுதான் என்பார். சும்மா ரா என்று சொல்லிவிடக் கூடாது. கடைசியில் தொண்டைக்குள் எதையோ பிடித்து நிறுத்த வேண்டும். அவர் நிறுத்திக் காட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர் தண்ணீர்ச் செம்பை நீட்டுவார். பொல்லாங்கு, ஆபத்து இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தானாம். எந்த இடத்தில் எது என்பதை, பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். தீங்கை உண்டாக்குகிறவர் நானே என்று கடவுள் சொல்லும் இடத்தில், அது சமாதானத்துக்கு எதிரே நிற்கிறது. ஆகவே அங்கே பொல்லாங்கு அல்ல, ஆபத்து. கடவுள் அக்கிரமம் செய்கிறவர் அல்ல.

நியாயமாகப் பார்த்தால் நல்ல பாடம். எனக்கும் பிடித்திருந்தது. மனதில் இருந்த ஒரு பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது. ஆனால் மூலபாஷைக்காரர் கையில் கிடைத்த நல்ல பாடம் எங்கே போய் நிற்கும்?

ருக்குமணி வீட்டுச் சமையல்கட்டில் போய் நின்றது.

ருக்குமணியின் நிலம் தேவராஜ் அண்ணன் நிலத்துக்கு நேர் கீழே. அந்தச் சரிவில் விழுகிற மழை முன்பெல்லாம் ஓடைக்குப் போகும். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அவர் பொக்லைன் விட்டு மண்ணைத் தள்ளினார், ஓடைப் பக்கம் அடைபட்டது, சிமெண்டில் புதிதாக ஒரு வடிகால் கட்டி வாயை இந்தப் பக்கம் திறந்துவிட்டார். முதல் பெரிய மழையிலேயே ருக்குமணியின் கல்கட்டு உடைந்து, மிளகுக் கொடி ஏறிய மரங்கள் கொடியோடு சாய்ந்து, சேறு வந்து சமையல்கட்டுச் சுவரில் முட்டியது. சுவர் வயிறு தள்ளி நின்றது. உள்ளே அடுப்பு, இரண்டு பிள்ளைகள், அவள். கணவன் கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்தான்.

ஜெபத்துக்கு எல்லோரும் போனோம். கண்ணாடி, செருப்பு, எல்லாம் முறைப்படி நடந்தது. ஈரம் படாத ஒரே நாற்காலி அவருக்கு.

"கண்ணு, இதுக்கு எபிரெயத்துல..."

"அண்ணா, வடிகாலை ஓடைப் பக்கமே திருப்பி உட்டுருங்க. இன்னொரு மழைக்கு ஊடு நிக்காதுங்க."

"அதைத்தான் சொல்ல வாரேன். இது பொல்லாங்கு இல்ல சாமி, ஆபத்து. பொல்லாங்கு மனுசன் செய்யறது. ஆபத்து அனுப்பப்படறது."

"உங்க காரு நிக்கற எடத்துல இருந்துதானுங்களே தண்ணி வந்துச்சு?"

"காரு நிக்கற எடத்துக்கு மழை எங்கிருந்து வந்துச்சு?"

கூட்டம் தலையை ஆட்டியது. அவ்வளவு அழகான வாதத்துக்கு வேறு எதை ஆட்டுவது? ருக்குமணி எழுந்து போய் எல்லோருக்கும் டீ வைத்தாள், அந்தச் சுவரோரம் நின்று.

அதன் பிறகு அந்த வார்த்தை மலையெல்லாம் பரவியது. கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுபோனால் ரா. குச்சிக்கிழங்கு வெந்து குழைந்துபோனால் ரா. கூலி வேலைக்கு நேரம் கழித்து வந்த சங்கீதா, "ரா ஆயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். சோளக்காட்டுச் சந்தையில், வேதத்தைத் தொட்டே பார்க்காத பழக்கடைக்காரர் ஒருவர் அழுகிய பலாவுக்கு இந்தச் சமாதானத்தைச் சொன்னதாகக் கேள்வி. யாரையும் குற்றம் சொல்லாமல் நழுவ ஒரு வார்த்தை கிடைத்தால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் பாஷை கற்றுக்கொள்கிறார்கள்.

ஒருநாள் காலையில் மாதேஸ்வரன் அண்ணனின் மாடுகள் தேவராஜ் அண்ணனின் தோட்டத்துக்குள் புகுந்து, புதிதாக நட்ட காப்பிக் கன்றுகளை வரிசை தவறாமல் மேய்ந்துவிட்டன. அன்று ஞாயிறு. பாட்டு முடிவதற்குள் தேவராஜ் அண்ணன் எழுந்துவிட்டார்.

"மாட்டைக் கட்டாம உட்டது யாரு?"

மாதேஸ்வரன் அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ரா தானுங்களே."

"வெளையாடாதீங்க. கயிறு உங்க கையில இருந்துச்சு."

"கயிறு என்ர கையில இருந்துச்சுங்க. மாட்டுக்குப் பசியை அனுப்புனது யாருங்க?"

"இது வேற. இது பொல்லாங்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ருக்குமணி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப வடிகாலுங்கண்ணா?"

தேவராஜ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"அதுக்கு முழு அதிகாரத்தையும் மூலத்துல பாக்கணும் கண்ணு. வர்ற வாரம் பாடமாவே எடுக்கறேன்."

எடுத்தார். கூட்டம் நிரம்பி வழிந்தது. ஆபத்துக்கு எபிரெயத்தில் இன்னொரு சொல் இருக்கிறதாம். அதையும் சொல்லிக் காட்டினார். மாதேஸ்வரன் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்விமேல் கேள்வி கேட்டார், இவர் பதில் சொன்னார், கன்றுக் கோபம் எல்லாம் போய் இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். இப்படி ஒரு பாடம் நடந்ததே இல்லை என்று பேசிக்கொண்டே நாங்களும் கலைந்தோம். திரும்பும் வழியில் அந்த வடிகாலைத் தாண்டித்தான் எல்லோரும் நடந்தோம். பாதிப் பேர் வீட்டில் கடப்பாரை உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு.

இவ்வளவு தூரம் படித்த உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தேவராஜ் சொன்ன அர்த்தம் சரிதானா, வேறு விளக்கம் உண்டா, அந்த இன்னொரு சொல் எது என்று பார்க்கலாம் என நடுவில் உங்கள் கை போனைத் தேடியதா? தேடியிருந்தால் தப்பில்லை. நல்ல ஆராய்ச்சிதான். அடுத்த தடவை யார் வீட்டிலாவது சுவர் விழும்போது நீங்களும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரலாம். ஈரம் படாத நாற்காலி ஒன்று உங்களுக்கும் போடுவார்கள்.

மழை தொடங்கிவிட்டது. வடிகாலின் வாய் இன்னும் ருக்குமணி வீட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. அவள் அடுப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டாள். பிள்ளைகள் எங்கள் வீட்டில் தூங்குகிறார்கள்.