ஓரத்தில் எழுதியவர்

டாக்டர் பெண்டாட்டியை வீட்டைவிட்டுத் துரத்தியே தீருவது என்று டைம் கீப்பர் முடிவு கட்டினார்.

அவள் வந்து நாற்பது நாள் ஆயிற்று. வந்த நாளிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அவளுக்குத்தான் முதல் மரியாதை. மனைவி அவளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாள். அவளுக்காகக் கண் கலங்குகிறாள். "வாயத் திறந்து சொல்லித் தொலையேண்டி" என்று அவளைத் திட்டவும் செய்கிறாள். முப்பத்தோரு வருஷம் குடித்தனம் நடத்திய புருஷனுக்கு இப்போது திட்டுகூடக் கிடைப்பதில்லை.

டாக்டர் பெண்டாட்டி இருந்தது ஒரு நாவலில். ஆயிரத்து எண்பத்தாறு பக்கம். காலில் விழுந்தால் கட்டுப் போட வேண்டியிருக்கும், அவ்வளவு கனம். கதை என்னவோ நாலு வரிதான். ஒரு டாக்டர் ஊசியை மாற்றிப் போட்டு நோயாளி செத்துப்போகிறான். பழி கம்பவுண்டர் மேல் விழுந்து அவன் ஜெயிலுக்குப் போகிறான். உண்மையைப் பார்த்தவள் டாக்டரின் மனைவி ஒருத்திதான். அவள் சொன்னால் கம்பவுண்டர் வெளியே வருவான். ஆனால் சுற்றியுள்ள நாற்பது கிராமத்துக்கும் இருக்கிற ஒரே டாக்டர் உள்ளே போய்விடுவார். சொல்லலாமா, வேண்டாமா? இதைத்தான் அவள் ஆயிரம் பக்கமாக யோசிக்கிறாள்.

"எங்க டெப்போவுல இப்படி யோசிச்சா ஒரு வண்டி கிளம்பாது" என்பது டைம் கீப்பரின் விமர்சனம்.

பஸ் டெப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போயிற்று, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று ரெஜிஸ்டரில் எழுதுவது அவர் வேலை. முப்பது வருஷமாக எழுதுகிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு திரும்புவார். மனைவிக்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை வேலை. எட்டு மணிக்கு மேலே வருவாள். வந்ததும் அன்றைக்கு யார் பல்லைப் பிடுங்கினார்கள், யார் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடினார் என்று மூச்சு விடாமல் சொல்வாள். அவர் பேப்பருக்குப் பின்னால் இருந்து 'ம்' போடுவார். அந்தப் பேச்சு நின்றுபோகும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பெண்ணும் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். இப்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் விட்டு விட்டுச் சத்தம் போடுகிறது.

ஒருநாள் சோதனை செய்தும் பார்த்தார்.

"இன்னிக்குப் பதினேழாம் நம்பர் வண்டி பன்னெண்டு நிமிஷம் லேட்டு."

"ம்."

"டயர் பஞ்சர்."

"ம்."

"டிரைவரைப் புலி அடிச்சுத் தின்னுடுச்சு."

"பாவம்" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தைப் புரட்டினாள்.

அடுத்த நாள் அவர் புத்தகத்தைப் பீரோ மேல் இருந்த சூட்கேசுக்குள் ஒளித்துவைத்தார். அதில்தான் சிக்கல். புத்தகம் பல் டாக்டரம்மா வாங்கிய ஒரே பிரதி. அவர், இரண்டாம் மாடித் தையல்காரம்மா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இவர் மனைவி என்று நாலு பேர் ஆளுக்கு இரண்டு நாள் முறைவைத்துப் படித்துவந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக்கில் கூடி, டாக்டர் பெண்டாட்டிக்காகச் சண்டை போடுவார்கள். புத்தகம் காணோம் என்றதும் மற்ற மூன்று பேரும் படியேறி வந்துவிட்டார்கள். வாத்தியார் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேல் இருந்த தூசியில் புதிதாகப் பதிந்திருந்த ஐந்து விரலைப் பார்த்தார். சூட்கேசைத் திறந்தார்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றார் டைம் கீப்பர்.

"மூடின பெட்டிக்குள்ளயாங்க?" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. பழைய நாளாக இருந்தால் அரை மணி நேரமாவது திட்டியிருப்பாள்.

எதிரியை ஒழிக்க முதலில் எதிரியைப் பார்க்க வேண்டும். அடுத்த முறை புத்தகம் வீட்டுக்கு வந்ததும், ஆளில்லாத வீட்டில் ஆறரை மணிக்கு அதைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. படிக்கிறவர்கள் தோன்றியதை ஓரத்தில் எழுதலாம் என்று டாக்டரம்மா அனுமதி கொடுத்திருந்தார். டைம் கீப்பருக்கு உற்சாகமாகிவிட்டது. டெப்போ ரெஜிஸ்டரிலும் அப்படித்தான். எண்களை யாரும் படிப்பதில்லை, கடைசிக் கட்டத்தில் இருக்கும் 'குறிப்பு' என்ற பகுதியைப் பார்த்தால் போதும், முழு விஷயமும் தெரிந்துவிடும். ஆகவே அவர் அச்சடித்த கதையை விட்டுவிட்டு ஓரங்களை மட்டும் படித்தார்.

'சொல்லத்தான் வேண்டும். மூடி மறைத்த சொத்தைதான் பக்கத்துப் பல்லையும் கெடுக்கும்' என்று டாக்டரம்மா எழுதியிருந்தார். 'சொல்லிவிட்டு? ரெண்டு பிள்ளைகளை நீங்களா வளர்ப்பீர்கள்?' என்று அதன் கீழேயே தையல்காரம்மா மல்லுக்கு நின்றார். வாத்தியார் நாற்பது கிராமத்தை ஒரு பக்கமும் கம்பவுண்டரை ஒரு பக்கமும் போட்டுக் கணக்குப் பண்ணி, விடையை மூன்று தடவை அடித்துத் திருத்தியிருந்தார்.

மற்றதெல்லாம் மனைவியின் எழுத்து. சிரிப்பு, கோபம், கிண்டல், அழுகை. எட்டு மணிக்கு மேல் இவரிடம் பேச வேண்டியதெல்லாம் இங்கே வந்து சேர்ந்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்: 'எல்லோரும் சொல்லலாமா வேண்டாமா என்கிறார்கள். எனக்கு அது இல்லை கேள்வி. இவர் ஏன் இவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை? பேசியிருந்தால் பாதிப் பாரத்தை இவள் சுமந்திருப்பாளே.'

அவர் அதை நாலு தடவை படித்தார். ஃப்ரிட்ஜ் நின்றது. இவ்வளவு பெரிய வீடா இது என்று தோன்றிற்று. பென்சிலை இடது கையில் பிடித்து, கோழி கிறுக்கின மாதிரி, அதன் கீழே எழுதினார்: 'பேச அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம்.' முப்பது வருஷப் பழக்கம். எழுதினதும் கை தானாகப் பக்கத்தில் மணியையும் போட்டது. 6.58.

மறுநாள் பதில் இருந்தது. 'பயமா? பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஆளுக்கு என்ன பயம்? அது சரி, நீங்கள் யார்?'

அந்த டாக்டரும் பேப்பர் படிப்பார் போலிருக்கிறது என்று டைம் கீப்பர் நினைத்துக்கொண்டார். 'ஒரு வாசகன். 6.31' என்று எழுதினார். புத்தகம் நாலு வீடு சுற்றுகிறது. எந்த வீட்டில் எந்தக் கை எழுதியதோ, யார் கண்டார்கள் என்பது அவர் துணிச்சல்.

அப்புறம் பிடித்தது பைத்தியம். புத்தகம் வீட்டுக்கு வரும் இரண்டு நாளுக்காக அவர் மற்ற ஆறு நாளையும் தள்ளினார். 'பேசாமலே இருந்து பழகிவிட்டால், பிறகு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் போய்விடும். 6.40.' 'எங்கே வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம். பல்வலியில்கூட ஆரம்பிக்கலாம்.' 'அவளிடம் அவருக்குப் பிரியம் இல்லை என்று நினைக்கிறீர்களா? 7.05.' 'இருக்கும். மூட்டை கட்டிப் பரண் மேல் போட்டிருப்பார்.'

நேரில் அவள் 'ம்'. ஓரத்தில் அருவி. அவருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு வயிறு எரிந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தனிடம் இப்படியா மனசைக் கொட்டுவாள்? பென்சிலை வேறு கூராகச் சீவி வைத்திருந்தாள்! அந்த ஒருத்தன் தான்தான் என்பது எரிச்சலைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. தொள்ளாயிரத்து எண்பத்திரண்டாம் பக்கத்தில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்: 'உங்கள் கணவர் ஒரு தப்பைச் செய்துவிட்டு மறைத்தால், நீங்கள் காட்டிக்கொடுப்பீர்களா? 7.12.'

பதில் வந்தது: 'கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். நடுவில் இருப்பதை ஒழுங்காகப் படித்துக்கொண்டு வாருங்கள்.'

உடனே கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஓரம் காலி.

அந்த வாரம் மனைவி சொன்னாள்: "என்னங்க, நாங்க எல்லாரும் படிச்சு முடிச்சாச்சு. சனிக்கிழமை கடைசிக் கூட்டம். நீங்களும் கீழ வாங்களேன்."

பல நாளில் அவள் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அது. அதற்காகவே போனார்.

கிளினிக்கில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சுவரில் ஆளுயரக் கடைவாய்ப்பல் படம். டாக்டரம்மா ஆரம்பித்தார்.

"நம்ம புத்தகத்துல அஞ்சாவதா ஒரு கை எழுதியிருக்கு. யாருன்னு கண்டுபிடிக்கணும்."

டைம் கீப்பர் கடைவாய்ப்பல்லை உற்றுப் பார்த்தார்.

"ஒவ்வொரு குறிப்புக்கும் மணி போட்டிருக்கான்" என்றார் வாத்தியார். "எல்லாம் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல. எந்தத் தொழில்காரன் இப்படி மணி போடுவான்?"

டைம் கீப்பரின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"கடிகாரக் கடைக்காரரா இருக்கும்" என்றார் தையல்காரம்மா.

"அதேதான்!" என்றார் டைம் கீப்பர், கொஞ்சம் சத்தமாகவே.

"யாரா இருந்தாலும் பாவம்" என்றார் டாக்டரம்மா. "வீட்டுல பேச ஆள் இல்லாத மனுஷன்."

"ஆள் இருக்கும் டாக்டர்" என்றாள் மனைவி, கையில் இருந்த பென்சிலைப் பார்த்தபடி. "உக்காந்து கேக்க ஒருத்தி இருப்பா. இவருதான் பேச மாட்டாரு. வாயத் திறந்தா வண்டி எத்தன நிமிஷம் லேட்டுன்னு சொல்வாரு. அவளும் எத்தன வருஷம்தான் தனியா பேசிட்டிருப்பா?"

டைம் கீப்பருக்குச் சுருக்கென்றது. கடிகாரக் கடைக்காரரைப் பற்றி இவளுக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று யோசிப்பதற்குள் டாக்டரம்மா கேட்டுவிட்டார்: "சார், நீங்க என்ன நினைக்கிறீங்க? டாக்டர் பண்ணினதுலயே பெரிய தப்பு எது?"

ஓரமெல்லாம் படித்தவர் சும்மா இருப்பாரா? 'செல்லம்மா போன இடத்தில் அழுதுவிட்டேன்' என்று நாலு பேருமே எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊசிய விடுங்க. செல்லம்மாவுக்கு அவர் செஞ்ச துரோகம்தான் பெருசு. ராப்பகலா அவருக்காக ஓடி ஓடி உழைச்சவ. கடைசி நேரத்துல ஒரு நல்ல துணி, ஒரு வாய் கஞ்சி குடுத்தாரா? பெத்தவங்க கேட்டா என்ன பதில் சொல்வாரு?"

நாலு பேரும் அவரையே பார்த்தார்கள். தையல்காரம்மாதான் மெதுவாகச் சொன்னார்.

"சார், செல்லம்மா குதிரை."

அன்றைக்கு மாடிப்படி ரொம்ப நீளமாக இருந்தது. மனைவி முன்னால் ஏறினாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மேலே வந்ததும் புத்தகத்தை மேஜையில் வைத்தாள். "டாக்டரம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க. முதல் பக்கத்துல இருந்து."

ரோஷம் வந்துவிட்டது அவருக்கு. மறுநாள் ஆறு மணிக்கு முதல் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் பக்கத்துக்கு ஒரு கொட்டாவி. தினமும் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார், ஓரம் காலியாகத்தான் இருக்கும். முந்நூறாம் பக்கம்வரை அவள் சொல்லவே கூடாது என்று ஆத்திரப்பட்டார். கம்பவுண்டரின் அம்மா ஜெயில் வாசலில் நிற்கிற இடத்தில் கட்சி மாறினார். செல்லம்மா செத்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார். எழுநூறு தாண்டிய பிறகு, முடிவு கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து கடைசிப் பக்கத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார். மனைவி எட்டு மணிக்குக் கதவைத் திறக்கும்போதே, "அவ பொய் சாட்சி சொல்லிட்டாடீ!" என்று கத்துவார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இரண்டு மாதம் கழித்துப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று பத்து நாள் பெண் வீட்டுக்குக் கிளம்பினாள் மனைவி. இவருக்கு இன்னும் எழுபது பக்கம் பாக்கி.

"நான் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க" என்றாள்.

"நீ இல்லாம யார்கிட்ட சொல்றது?"

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எழுபது பக்கத்தை ஏழு நாள் இழுத்தார். முடிந்துவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்களே என்று இருந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். டாக்டர் பெண்டாட்டி போலீசிடம் போகவில்லை. நேரே புருஷன் எதிரே போய் உட்கார்ந்து, "நான் பாத்தேன்" என்கிறாள். "என்னைக்காவது நீ கேப்பேன்னு தினமும் காத்திட்டிருந்தேன்" என்கிறார் டாக்டர். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தானே ஸ்டேஷனுக்கு நடக்கிறார். அவ்வளவுதான் கதை.

டைம் கீப்பருக்குக் கண்ணீர் நிற்கவில்லை. "பாத்தியா, அவரும் காத்திட்டிருந்திருக்காரு!" என்று திரும்பிச் சொன்னார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவளிடம் உடனே சொல்ல வேண்டும் என்று அவருக்கு எதுவும் இவ்வளவு முட்டியதில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

அப்போதுதான் பக்கத்தின் அடியில் பென்சில் எழுத்தைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்புமுன் எழுதியிருக்கிறாள்.

'காட்டிக்கொடுப்பேனா என்று கேட்டீர்கள். உங்கள் முதல் குறிப்பைப் பார்த்த அன்றைக்கே கொடுத்தாயிற்று. சாப்பிடக்கூட இல்லை, கீழே ஓடிப்போய், "எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசிட்டாரு!" என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன்.'