சஃபாரியில் விழுந்த பருப்பு

பருப்புக்கறி நேரே நெஞ்சில் விழுந்தது. இடப்பக்க மேல் பொக்கற்றில் தொடங்கி, இரண்டாவது பொத்தானைத் தாண்டி, வயிற்று மேட்டில் ஒரு கணம் தயங்கி நின்று, பிறகு மடிக்கு இறங்கியது.

"ஐயோ, கை தவறிட்டுது," என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி, கரண்டியைப் பிடித்தபடியே.

"உமக்குக் கையிலை எலும்பில்லையே?" என்று சிவபாதசுந்தரம் துள்ளி எழுந்தார். "என்னத்திலை கொட்டியிருக்கிறீர் எண்டு பாரும்!"

பார்க்கத் தேவையில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும், அவர்கள் குடியிருக்கும் ஒழுங்கை முழுவதற்கும் அந்தச் சஃபாரிச் சேர்ட்டைத் தெரியும். கிறீம் நிறம், நான்கு பொக்கற், தோளில் பட்டி. அவர் கந்தோரில் பிரதம எழுதுவினைஞராகப் பதவி உயர்ந்த தொண்ணூற்றோராம் ஆண்டில் கொட்டாஞ்சேனைத் தையற்காரர் ஒருவர் தைத்துக் கொடுத்தது. அதன் பிறகு உலகம் சஃபாரி போடுவதை நிறுத்திவிட்டது. உலகத்துக்கு மரியாதை தெரியாமல் போய்விட்டது என்று அவர் முடிவு செய்துகொண்டார். வெள்ளிக்கிழமைதோறும் கோயில் சபைக் கூட்டத்துக்கு அதையே போட்டுக்கொண்டு போய், அதே கோலத்தில் வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை இரத்மலானையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மகள் சாருஜாவைப் பார்க்க வருகிறார்கள். அதற்கும் சஃபாரிதான் என்று அவர் முடிவு செய்து ஒரு மாதமாகிறது. முன்பு வந்த இரண்டு இடத்தாரையும் இதே உடுப்பில்தான் வரவேற்றார். இரண்டும் சரிவரவில்லை. கடைசியாக வந்த மாப்பிள்ளையின் மாமன் அவருக்குக் கை கொடுத்து, "நல்லது புரோக்கர், பொம்பிளையின்ரை தகப்பன் எங்கை?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு உலக அனுபவம் போதாது என்று சிவபாதசுந்தரம் இன்றுவரை சொல்லிவருகிறார்.

குளியலறையில் சேர்ட்டைக் கழற்றி வாளியில் போட்டார். ஜெகதீஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

"சவுக்காரம் போடாதேங்கோ. மஞ்சளிலை சவுக்காரம் பட்டால் சிவக்கும். தேசிக்காய்ப் புளி விட்டு வெயில்லை போடுங்கோ, தானாப் போகும்."

"சஃபாரிக்கு ஊறுகாய் போடச் சொல்லுறீரோ?"

அவள் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். சோறு வடிப்பதையும் சோதினையில் கேட்கிற பாடம் என்று அதை அவர் வர்ணிப்பார். கணவனாகி முப்பத்து நான்கு வருடங்களில் அவள் சொல்லி ஒரு காரியத்தையும் அவர் செய்ததில்லை. இதை ஒரு சாதனையாகவே நினைத்திருந்தார்.

சவர்க்காரத்தை எடுத்து இரண்டு கையாலும் தேய்த்தார். மஞ்சள் முதலில் செம்மஞ்சளாகி, பிறகு நல்ல சிவப்பானது. கூத்து மேடையில் குத்துப்பட்டு விழும் ராசாவின் உடுப்புப் போல் சஃபாரி அவர் கையில் தொங்கியது.

சாருஜா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, ஆரைக் கொலை செய்தனீங்கள்?"

"போய் உம்மடை வேலையைப் பாரும், பிள்ளை."

மூலையில் பிளீச் போத்தல் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போகும்போதே ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது.

"அது கக்கூஸ் கழுவுறது. தண்ணி கலக்காமல் ஊத்திப்போடாதேங்கோ, நிறமெல்லாம் கழண்டுபோகும்."

"தண்ணி கலக்கிறது பால்காரன்ரை வேலை," என்றார் அவர், போத்தலைக் கவிழ்த்தபடி.

சிவப்பு போனது. மஞ்சள் போனது. கிறீமும் போனது. நெஞ்சிலே ஒரு தோசை அளவுக்குப் பளிச்சென்ற வெள்ளை உதித்தது. ஒரு கணம் அவருக்கே மனம் தளர்ந்தது. ஆனால் பிரதம எழுதுவினைஞர்கள் இலகுவில் தோற்பதில்லை. பிழையைத் திருத்த முடியாவிட்டால் முழுக் கோப்பையும் பிழைக்கு ஏற்ற மாதிரி மாற்றிவிடுவது, அவர் முப்பத்திரண்டு வருடம் கந்தோரில் கற்ற கலை.

"முழுச் சேட்டையும் ஒரே நிறமாக்கினால் சரி," என்று அறிவித்தார். "வெள்ளையிலை கொஞ்சம் தேத்தண்ணிச் சாயம் சேர்ந்தால் கிறீம். இது உம்மடை மனைப்பொருளியல் புத்தகத்திலை இராது."

"தேயிலைக் கறை பிறகு என்ன செய்தாலும் போகாது, கண்டியளோ."

"போகக் கூடாதெண்டுதானேயப்பா போடுறன்!"

கால் கிலோ தேயிலை பெரிய பானையில் கொதித்தது. சஃபாரி அதற்குள் இரவு முழுவதும் ஊறியது. சனிக்கிழமை காலையில் அவர் அதைத் தூக்கிப் பிடித்தபோது ஒரே நிறமாக இருந்தது அவருடைய முகம் மட்டுந்தான். முதுகில் மண்ணிறம், கையில் துரு நிறம், தையல்களெல்லாம் கறுப்பு, நெஞ்சில் அந்தத் தோசை இப்போது நன்றாக முறுகியிருந்தது.

"அப்பா, புலி மாதிரிக் கிடக்கு," என்றாள் சாருஜா. "பேசாமல் வேறை சேட்டொண்டைப் போடுங்கோவன்."

"ஈரத்திலை எல்லாம் அப்பிடித்தான் தெரியும். காஞ்சால் வெளிக்கும்."

காய வைப்பதற்கு வெயில் வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் கடற்பக்கமாக இருட்டி மழை பிடித்துக்கொண்டது. பல்கனியில் தொங்கிய சஃபாரியை மீண்டும் நனையவிட்டு, பிறகுதான் ஓடிப்போய் உள்ளே எடுத்தார். சாப்பாட்டு மேசையில் போர்வை விரித்து அயன் பெட்டியைச் செருகினார்.

"அது பொலியெஸ்டர் கலந்த துணி," என்றாள் ஜெகதீஸ்வரி, கீரை ஆய்ந்தபடி, நிமிர்ந்தும் பாராமல். "சூட்டைக் குறையுங்கோ. மேலை ஒரு பழஞ்சீலைத் துண்டு போட்டு அயன் பண்ணுங்கோ."

"ஈரம் போறதுக்குச் சூடு வேணும். இது மூண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நீரும் படிப்பிச்சனீர்தானே!"

குமிழை முழுதாகத் திருகினார். நெஞ்சில் வைத்து அழுத்தினார். முதலில் ஆவி வந்தது. அடுத்து ஒரு மணம், பிளாஸ்ரிக் வாளி எரிகிற மணம். அயன் பெட்டி நகர மறுத்தது. அவர் பலமாக இழுத்தார். பெட்டி வந்தது. பொக்கற்றும் அதோடு வந்தது. சஃபாரியின் நெஞ்சில் அயன் பெட்டியின் அளவில், அதே வடிவத்தில், ஓரம் கருகிய ஓட்டை. தூக்கிப் பிடித்தபோது ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஜெகதீஸ்வரி கீரை ஆய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது.

அயன் பெட்டி மெல்லப் புகைந்தது.

"நீர் பருப்பைக் கொட்டாமல் விட்டிருந்தால்," என்று அவர் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, சஃபாரியை மேசையில் போட்டார்.

"ஓம், என்ரை பிழைதான்," என்று அவள் அமைதியாக ஒப்புக்கொண்டு, துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

அந்த ஒப்புதல் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. ஆனால் கறுப்புக் கோட்டுப் போடாத வக்கீலைப் போல, சஃபாரி போடாத தகப்பனை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. கைப்பேசியை எடுத்தார்.

"ஆருக்கு எடுக்கிறியள்?" சாருஜாவின் முகம் மாறியது.

"இரத்மலானைக்கு. நாளைக்கு வர வேண்டாம், பிறகு பாப்பம் எண்டு சொல்லப்போறன்."

"அப்பா! அவரோடை நான் ஆறு மாதமாக் கதைக்கிறன். அவையள் வாறதே எனக்காகத்தான். ஒரு சேட்டுக்காகக் கலியாணத்தைக் குழப்பாதேங்கோ!"

"ஒரு சேட்டோ? ஒரு தகப்பன் எந்தக் கோலத்திலை நிக்கிறான் எண்டதிலைதான் குடும்பத்தின்ரை மதிப்பே இருக்கு, பிள்ளை."

எண்ணைத் தேடி விரலை வைக்கப்போன நேரம் வாசல் மணி அடித்தது. கைப்பேசியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தார். காலி வீதித் துணிக்கடை மக்கீன், நனைந்த குடையோடு நின்றிருந்தார். கையில் ஒரு பை. பைக்குள்ளே நீண்ட கை வெள்ளைச் சேர்ட் ஒன்று மடிப்புக் குலையாமல் இருந்தது.

"எனக்கில்லை, நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை," என்றார் சிவபாதசுந்தரம் எரிச்சலோடு. "ஆர் உம்மை வரச் சொன்னது?"

"மேடம்தான், சேர். பத்து நாளைக்கு முந்தியே ஒங்கட அளவ தந்துட்டு, வெள்ளிக்கெழம பகல் சாப்பாட்டோட பழசு முடிஞ்சிரும், சனிக்கெழம பின்னேரம் கொண்டு வாங்க எண்டு சொன்னாங்க."