தையல்காரர் வண்டி

"இனிமே பழசு எதையும் இந்த வீட்டு வாசப்படி ஏத்தமாட்டேன். இது சத்தியம்!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இந்தச் சபதத்தைச் செய்தபோது, புகைந்துகொண்டிருந்த பழைய ரேடியோவை ஈரச் சாக்கால் அமுக்கிக்கொண்டிருந்தார். ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தது. பாட்டு வரவில்லை, திரைச்சீலையில் தீதான் வந்தது.

"நல்லது. பழசுன்னு இந்த வீட்டுக்கு நீங்க ஒருத்தர் போதும்" என்றாள் மனைவி.

சபதத்தை அவர் மீறவே இல்லை. வக்கீல் மாதிரி வார்த்தை வார்த்தையாகப் பிரித்துப் பார்த்தார். வாசப்படி ஏறக்கூடாது, அவ்வளவுதானே? ஆகவே கொஞ்ச நாளில் அவர் வாங்கிய அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் எந்த வாசப்படியும் ஏறவில்லை. பின்தெருத் தையல்காரரின் காலிக் கொட்டகைக்குள் சமர்த்தாக உருண்டு போய் நின்றது.

ஏன் வாங்கினார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பெட்ரோல் டாங்க் கண்ணீர்த் துளி மாதிரி இருந்ததாலா? புது வண்டி என்றால் பட்டனைத் தொட்டதும் கிளம்பிவிடும், நமக்கு அதில் வேலையே இல்லை. இது அப்படியா? பெட்ரோல் குழாயைத் திறக்கணும், காற்றை மூடணும், குட்டி நெம்புகோலை அமுக்கி என்ஜினின் இறுக்கத்தைத் தளர்த்தணும், மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மூச்சைப் பிடிக்கணும். அப்புறம்தான் உதை. சம்பந்தி வீட்டாரை விருந்துக்குக் கிளப்புவதுகூட இதைவிடச் சுலபம்.

சீட்டின் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் வேறு. முன்பு ஓட்டியவர் ஏன் ஒருக்களித்தே உட்கார்ந்தார்? இடுப்பு வலியா? பின்னால் இருந்தவர் காதில் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தாரா? கடையில் லென்ஸ் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தை அவர் ஆராய்ந்தார்.

வீட்டில் சொன்னது, நடைப்பயிற்சி.

வண்டியில் கிக்கரும் இருந்தது, கிக்கும் இருந்தது. முதல் வாரம் கிக்கர்தான் அவரை உதைத்தது. பிறகு ஒரு காலையில் டுப்... டுப்... டுப் என்று அது உயிர்பெற்றபோது, மனுஷர் தையல்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டார். வாயில் ஊசி வைத்திருந்த தையல்காரர் அலறிவிட்டார்.

எல்லாம் சரி. மறைத்தது யாரிடம் என்பதில்தான் கோளாறு. மனைவிக்குக் காது மருத்துவமனையில் வேலை. யாருக்கு எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்பவள். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் புருஷன் யோசிப்பதுகூட அவளுக்குக் கேட்கும்.

"என்னங்க, நடக்கப் போறவருக்கு வலது கால் மட்டும் ஏன் வலிக்குது?"

"அது வந்து... நான் ரோட்டுல வலது பக்கமா நடக்குறேன்ல."

"இடது கால் கூட வர்றதில்லையா?"

"வருது, வருது. கொஞ்சம் சோம்பேறி."

"கையில என்ன கறுப்பா?"

"வாக்கிங்ல ஒருத்தருக்குக் கை குடுத்தேன்."

"அவர் என்ன, என்ஜினா?"

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். கண் அவர் தொழில், காது அவள் தொழில். ஆனால் தீர விசாரிக்கும் பொறுப்பை அவள் ஒருத்தியே எடுத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியின் காதைத் திருகிக்கொண்டிருந்தபோது, கொட்டகை வாசலில் அவள் நின்றாள்.

"யாரோட வண்டிங்க இது?"

கண்ணாடிக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒட்டாத பாதி மட்டும் பேசியது.

"நம்ம... நம்ம அண்ணனோடது."

தையல்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். "ஆமா தங்கச்சி. என்னோடதுதான்" என்றார், யாருக்கோ அளவெடுத்த சட்டையைத் தான் போட்டுக்கொண்ட முகத்துடன்.

அவள் கோபப்படவில்லை. வண்டியைச் சுற்றி வந்தாள். ஒருமுறை, பிறகு எதிர்ப்பக்கமாக ஒருமுறை.

"இந்த முள்ளு எதுக்கு அண்ணே?"

தையல்காரருக்குத் தெரிந்த முள் கடிகார முள்தான். "மணி காட்டும்மா" என்றார்.

கண்ணாடிக்காரரால் பொறுக்க முடியவில்லை. "மணியாவது! அது மின்சாரம் ஏறுதா இறங்குதான்னு காட்டும். நடுவுக்கு வந்தாத்தான் உதைக்கணும். இங்க பாரு..." என்று ஆரம்பித்தவர், குழாய், நெம்புகோல், சீட்டுப் பள்ளம் வரை போய்த்தான் நின்றார்.

"அண்ணன் வண்டியைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியுது!" என்று வியந்தாள் அவள். "கிளப்புங்க, கேப்போம்."

டுப்... டுப்... டுப்.

அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று கருவிச் சத்தமே கேட்ட முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பு மட்டும் நடிப்பில்லை.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவுல ஒரு இடைவெளி விடுது பாருங்க. நாம பதில் சொல்லட்டும்னு காத்திருக்கிற மாதிரி" என்றாள். பிறகு திரும்பி, "அண்ணே, சும்மாதானே நிக்குது? எனக்குக் குடுத்துடுங்களேன். பதிலுக்கு எங்க வீட்டுல இருக்கிற இரும்புத் தையல் மிஷினை எடுத்துக்குங்க. தோல்கூடத் தைக்கும்" என்றாள்.

தையல்காரரின் கண் விரிந்தது. கண்ணாடிக்காரர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தலையாட்டினார், கையாட்டினார், கடைசியில் துண்டையே ஆட்டினார்.

"தோல்கூடவா?" என்றார் தையல்காரர்.

"கான்வாஸ்கூட."

"தங்கச்சிக்கு இல்லாத வண்டியா! எடுத்துக்கோம்மா!"

நட்பு என்பது நூல் மாதிரி. தையல்காரர் பல்லால் கடித்து அறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் பொரிந்தார். "அது என் வண்டி! நான் வாங்கினது!"

"உங்களோடதா? அப்ப அங்க என்கிட்ட பொய் சொன்னீங்களா?"

"இல்ல... பொய்னு இல்ல..."

"பொய் இல்லன்னா அது அண்ணனோடது. அண்ணன் குடுத்துட்டாரு, அதனால என்னோடது. பொய்தான்னா, அதை உக்காந்து விவரமா பேசலாம். எது வசதி?"

"அண்ணனோடதுதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்படியே இருக்கட்டும். ஆர்.சி. புக்குல பேர் மாத்துறதுதான் பாக்கி. அதுக்குப் போட வேண்டிய கையெழுத்து என்னமோ நம்ம வீட்டுலயேதான் இருக்காம்" என்று பேனாவை நீட்டினாள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கற்றுக்கொள்ள அவளுக்கு வெகுநாள் ஆகவில்லை. முள்ளைப் பார்க்காமலே, என்ஜின் பெருமூச்சு விடும் சத்தத்தைக் கேட்டு, சரியான நொடியில் ஒரே உதை. கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் வண்டியை ஓட்டினாள், தெரு அவரை ஓட்டியது.

ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பழைய வண்டிக்காரர்கள் கூடினார்கள். அவளைச் சுற்றிக் கூட்டம். ஒரு மீசைக்காரர், கொஞ்சம் தள்ளித் துணியும் கையுமாக நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்து இரக்கப்பட்டார்.

"சார் ஓட்டமாட்டாராம்மா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இவரா? தொடைக்கிறதோட சரிங்க."