நாடி அண்ணையும் ஆளில்லாத படமும்

மாண்ட்ரியலில் முகவாய் உள்ள தமிழர் எவரும் நாடி அண்ணையிடமிருந்து தப்பியதில்லை. கல்யாணம், சாமத்திய வீடு என்கிற மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று எங்கே போனாலும் கேமராவோடு நிற்பார். "நாடியைக் கொஞ்சம் உயர்த்துங்கோ" என்பார். யாழ்ப்பாணத்தில் முகவாய்க்கட்டைக்கு நாடி என்று பெயர். அவர் சொன்னபடி உயர்த்தி உயர்த்தி, இங்கத்திய ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் எல்லாரும் கூரையில் பல்லி தேடுகிறவர்கள் மாதிரி இருப்பார்கள்.

நான் சென்னையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். 2004 வாக்கில் இருக்கும். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதனால் அவருக்கு என் மேல் தனிப் பாசம்.

அந்த வருடம் தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஒரு புரட்சி செய்தார். காலண்டரில் சாமி படம் போட்டால் வருஷம் முடிந்தும் தூக்கிப்போட மனம் வரவில்லை, வீடெல்லாம் பழைய முருகன்கள் என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்களாம். இந்த முறை இலையுதிர்கால மலை. படம் எடுத்துத் தர முடியுமா என்று நாடி அண்ணையைக் கேட்டார்.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டார்.

"இருபது வருசமாப் படம் எடுக்கிறன், தம்பி. எல்லாரும் அதில தங்களைத்தான் தேடிப் பாக்கினம். ஒரு படமாவது ஆளில்லாமல் எடுக்கவேணும். அப்பதான் என்ர படத்தைப் பாப்பினம்."

ஞாயிற்றுக்கிழமை கோட்டும் டையுமாக வந்து காரில் ஏறினார். மரங்களுக்கு மரியாதை வேண்டாமா? வடக்கே லோரன்சியன் மலையில் ஒரு கணவாய்; உலகத்திலேயே உயரமானது என்று அடித்துச் சொன்னார். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். என் கார் மட்டும் அதை நம்பி, வழியெல்லாம் முனகிக்கொண்டே ஏறியது.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. மலை முழுக்க மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக, சாய்ந்த வெயிலில் கண்ணைப் பறித்தன. அண்ணை ஸ்டாண்டை நட்டார், கேமராவைப் பொருத்தினார், கடிகாரத்தைப் பார்த்தார், பாறையில் உட்கார்ந்துவிட்டார். ராகுகாலமாம். ஆறு மணிக்குத்தான் முதல் படமாம்.

இலைக்கு என்ன தாலியா கட்டப் போகிறோம் என்று கேட்டேன். ராகுகாலத்தில் எடுத்த ஜோடி ஒன்று இப்போது லாசாலில் ஒருவரும் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒருவருமாகப் பிரிந்து இருப்பதை ஆதாரம் காட்டினார். ஆறு மணிக்குச் சூரியன் இருக்காதே என்றேன். பஞ்சாங்கத்துக்குத்தான் அவர் பொறுப்பாம், சூரியனுக்கு இல்லையாம். கனடாவின் ஆகச்சிறந்த வெயில் ஒன்றரை மணி நேரம் எங்கள் முன்னால் வீணாய்ப் போனது. கோட்டுப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரி, துக்கவீடு என்று நினைத்தாளோ என்னவோ, தணிந்த குரலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு மணியானபோது ஐந்து நிமிட வெளிச்சம்தான் மிச்சமிருந்தது. அண்ணை பொத்தானில் விரலை வைத்தார். அப்போது பக்கத்து ஹோட்டல் சமையலறையிலிருந்து, இடுப்பில் ஈர ஏப்ரனோடு ஒருவர் ஓடி வந்தார். தமிழர்.

"அண்ணை, என்னை ஒருக்கா எடுப்பியளோ? என்ர மனுசி வவுனியாவில. பாத்து நாலு வருசமாச்சு, அவவுக்கு இன்னும் விசா வரேல்லை."

கொஞ்சம் பொறுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணை அதற்குள் கேமராவை மலையிலிருந்து அவர் பக்கம் திருப்பிவிட்டார். ஏப்ரனைக் கழற்றச் சொல்லித் தன் கோட்டை மாட்டிவிட்டார். தலையை வாரிவிட்டார். நாடியையும் தொட்டு உயர்த்தினார். நிதானமாகப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். முடித்துத் திரும்பினால் மலை இருட்டிவிட்டது.

"உங்க படம் போச்சே, அண்ணே."

"இலை வாற வருசமும் நிறம் மாறும், தம்பி. அந்த மனுசி இவரின்ர முகத்தை மறந்திடக் கூடாதெல்லே."

காலண்டரில் வழக்கம்போல முருகனே வந்தார். அந்தப் பன்னிரண்டில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதில் நானும் இல்லை, எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அண்ணையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.