இரண்டு ஃப்ளாப்பிக்கும் வைத்த குங்குமம்

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஒரு தனி நேர்த்தி உண்டு. படிக்காதவர் அரைகுறையாகக் கெடுத்து நிறுத்திவிடுவார். நான் கம்ப்யூட்டர் படித்தவள். மிச்சம் மீதி இல்லாமல் கெடுத்தேன்.

எண்பதுகளின் கடைசி. காரைக்காலில் என் பெரியப்பா திருமணத் தகவல் நிலையம் நடத்திவந்தார். சுற்றுவட்டார ஜாதகங்கள் எல்லாம் அவர் கைப்பட எழுதிய பதினொரு நோட்டுகளில் இருந்தன. திருச்சியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த நான் சும்மா இருந்திருக்கலாம். (இருந்தேனா?) நச்சரித்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கவைத்தேன். நான்கு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் தட்டி, ஃப்ளாப்பி என்ற கறுப்புச் சதுரத்தில் ஏற்றினேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தனக்குள் எதையும் வைத்துக்கொள்ளாது, எல்லாம் அந்தச் சதுரத்தில்தான்.

"நோட்டு பாட்டுக்கு இருக்கட்டுமேம்மா" என்றார் பெரியப்பா.

"எதுக்குப் பெரியப்பா, எடத்த அடைச்சுக்கிட்டு? எல்லாம் இதுல இருக்கு."

நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போயின.

உடனே என்னைப் பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காப்பி எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும் என்று திருச்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எடுத்தேன். பெரியப்பா வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன். நிலையமே எரிந்தாலும் ஜாதகங்கள் பிழைக்கும் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

ஆயுத பூஜை வந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை போட்டாயிற்று. ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்தேன். அதில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே வழவழவென்று தகடு தெரியும். பொட்டு வைக்கவே விட்டுவைத்த இடம் என்று முடிவு செய்து, தாராளமாகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தேன். அப்போதுதான் மனசு உறுத்தியது. பீரோவில் இருப்பதும் தொழில் செய்கிற பொருள்தானே? அதை மட்டும் விட்டால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? ஓடிப்போய் அதையும் எடுத்துவந்தேன். காக்க வைத்த குற்றத்துக்காக அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே தடவினேன்.

மறுநாள் விஜயதசமி. கோட்டுச்சேரி விவசாயி ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்த அவர் மகளின் ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது. எங்களிடம் இருந்தது ஒன்றுதான் பாக்கி. பொருத்தம் பார்த்து அன்றைக்கே தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

ஃப்ளாப்பியைச் செருகினேன். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம். இரண்டாவதைச் செருகினேன். அதே சத்தம். துடைத்தேன், ஊதினேன், மறுபடி துடைத்தேன். சந்தன வாசனை வந்ததே தவிர ஜாதகம் வரவில்லை.

"என்னம்மா, நேரமாவுதே?" என்றார் விவசாயி.

"எல்லாம் அழிஞ்சு போச்சுங்க."

"எம் பொண்ணு ஜாதகமா?"

மாப்பிள்ளையின் தாயார் எழுந்துகொண்டார். "நல்ல நாளும் அதுவுமா இப்புடி ஒரு வார்த்தை காதுல விழணுமா? சகுனம் சரியில்லீங்க. நாங்க வர்றோம்."

அவர்கள் போன பிறகும் அந்த மனிதர் துண்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பழைய பேப்பர்காரரிடம் ஓடினேன். "அது அப்பவே கடலை மடிக்கப் போயிடுச்சேம்மா" என்றார்.

பிறகு ஒரு வருடம் நானும் பெரியப்பாவும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். திருவேட்டக்குடியில் ஓர் அம்மாள், "பையன் பொறந்த நேரமா? கட்டுமரம் கரைக்கு வந்துக்கிட்டிருந்துச்சு" என்றார். அதை வைத்து எந்த லக்னத்தைக் கணிப்பது? பாதிப் பேர் எங்களை நம்பி மறுபடி கொடுக்கத் தயாராக இல்லை. பெரியப்பாவின் முப்பது வருடப் பெயர் இரண்டு பொட்டில் போயிற்று. கோட்டுச்சேரிப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் ஆனது. எங்கள் மூலமாக அல்ல.

அடுத்த ஆயுத பூஜையன்று நான் மூலையில் ஒதுங்கி நின்றேன். எல்லாப் பொருளுக்கும் பொட்டு வைத்து முடித்த பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ரெண்டு கையையும் நீட்டும்மா."

நீட்டினேன். உள்ளங்கை இரண்டிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார்.

"இதைவிடப் பயங்கரமான ஆயுதம் நம்மகிட்ட வேற ஏது?"

வீடே சிரித்தது. நான் அழுதேன். அவர் காலமான பிறகும் வழக்கம் நிற்கவில்லை. இப்போது என் மகள் குங்குமத்தோடு வருகிறாள். நான் கையை நீட்டுகிறேன்.