நடுவில் உட்காருகிற ஆல்வேஸ்

"ஐ வில் ஆல்வேஸ் மிஸ் யூ."

தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் நின்று சிவப்பிரகாஷ் இதைச் சொன்னபோது, காப்பித் தம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள் அவன் மனைவி செல்வப்பிரியா. அவன் காதில் ஹெட்போன். முகத்தில் ஒரு குழைவு. அந்தக் குழைவைக் கல்யாண ஆல்பத்தில்கூட அவள் பார்த்ததில்லை.

"யாரைங்க அப்படி மிஸ் பண்றீங்க?"

"இங்கிலீஷ் கிளாஸ் புள்ள. வீட்டுப்பாடம்."

கிளாஸ் விஷயம் அவளுக்குத் தெரியும். எருத்தேன்பதியில் அவர்கள் தேங்காய் நார்த்தூளைக் கட்டியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். வாங்குகிற வெள்ளைக்காரர் போன முறை போனில் பேசியபோது சிவப்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவைத்தான். எதற்குச் சம்மதித்தோம் என்று இன்றுவரை தெரியாது. இப்போது அவர் நேரிலேயே வருகிறாராம். அதனால்தான் கொல்லங்கோட்டு சிஞ்சு மிஸ் சாயங்காலத்தில் போனில் நடத்தும் வகுப்பில் சேர்ந்திருந்தான். குரல் மட்டும்தான், முகம் காட்டத் தேவையில்லை.

செல்வப்பிரியா பொள்ளாச்சியில் பி.காம். படித்தவள். அவளுடைய இங்கிலீஷ் பேசுவதற்குப் போதாது, சந்தேகப்படுவதற்குத் தாராளம்.

அவன் குளிக்கப் போனதும் போனைத் திறந்தாள். "ஐ ஆல்வேஸ் வில் மிஸ் யூ" என்று இவன் எழுதியிருந்தான். கீழே மிஸ், "ஐ வில் ஆல்வேஸ் மிஸ் யூ" என்று எழுதி ஒரு ரோஜாப்பூவும் போட்டிருந்தாள். தப்பைத் திருத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் வயிறு எரிகிற பெண்டாட்டி படித்தால், இவர் ஏங்கியதற்கு அவள் இன்னும் அழகாக ஏங்கியது போலத்தான் இருக்கும்.

செல்வப்பிரியாவுக்கு நன்றாகவே எரிந்தது.

எல்லையோர ஊர் என்பதால் பாதி வீடுகளில் கேரளா சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று உண்டு. அவளுடைய காலேஜ் காலத்துத் தமிழ்நாட்டு சிம், சிவப்பிரகாஷுக்குத் தெரியாத நம்பர், பழைய போனில் சும்மா கிடந்தது. அதைத் தூசிதட்டி, "கற்பகம், பள்ளிவாசல், டீ பேக்டரி ஆபீஸ்" என்று சொல்லி வகுப்பில் சேர்ந்துகொண்டாள். பள்ளிவாசல் தேயிலை மலையில் ஒரு ஊர்; ஹாஸ்டலில் கூடத் தங்கியிருந்த பள்ளிவாசல்காரியின் பேச்சு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது. சிவப்பிரகாஷ் போனோடு மொட்டை மாடிக்குப் போனான். செல்வப்பிரியா மாட்டுக் கொட்டகைக்குப் போய், வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

"வணக்கம் மிஸ். கற்பகம் பேசுதேன்."

வகுப்பில் ஏற்கெனவே மூன்று பேர். சிவப்பிரகாஷ், பவுல்ராஜ் என்று ஒருவர், ராசம்மாள் என்று ஒரு பெரியம்மா. ராசம்மாள் வாயே திறப்பதில்லை. பவுல்ராஜ் பேசும்போது மட்டும் ஒரு இருமல் கேட்கும்.

"வில், கேன், ஷுட், மஸ்ட். இதெல்லாம் முன்னால நிக்கும்," என்றாள் சிஞ்சு மிஸ். "செய்யிற வேலை பின்னால நிக்கும். ஆல்வேஸ், நெவர், டெஃபனட்லி எல்லாம் ரெண்டுக்கும் நடுவுல வந்து உக்காரணும். சிவப்பிரகாஷ் சார், மனசிலாயோ?"

ரெண்டு பேருக்கு நடுவில் மூன்றாவதாக ஒருத்தி வந்து உட்காருவதைப் பாடமாகவே நடத்துகிறாளே என்று செல்வப்பிரியா பல்லைக் கடித்தாள்.

"யெஸ் மிஸ். ஐ கேன் ஈஸிலி அண்டர்ஸ்டாண்ட்," என்றான் சிவப்பிரகாஷ்.

"வெரி குட் சார்."

"அவரையே ஏன் மிஸ் எப்பவும் கேக்கறீங்க?" என்றார் பவுல்ராஜ் வெடுக்கென்று. எங்கோ ராசம்மாள் இருமினாள்.

இந்த ஆளுக்காவது நியாயம் தெரிகிறதே என்று செல்வப்பிரியா நினைத்துக்கொண்டாள்.

கணவனை விட நன்றாகப் பேசிவிட்டால் மிஸ்ஸின் பாராட்டு தன் பக்கம் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டாள். தோசை வார்க்கும்போதும் பால் கறக்கும்போதும் வாய்க்குள் வாக்கியம் ஓடியது. சீக்கிரமே வகுப்பில் அவள்தான் முதல். பாராட்டு திரும்பியது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"கற்பகம் நல்லா பேசுது. சிவப்பிரகாஷ் சார், நாளை முதல் பகல்ல நீங்க கற்பகத்தை விளிச்சு, ரெண்டு பேரும் ஜோடியா பேசிப் பழகணும்."

மறுநாள் காலை சிவப்பிரகாஷ் தோட்டத்துக்குப் போனதும் கொட்டகையில் கற்பகத்தின் போன் அடித்தது. செல்வப்பிரியா கரண்டியோடு ஓடினாள்.

"குட் மார்னிங், கற்பகம். யூ மஸ்ட் ரியலி பி டயர்ட்."

விடிந்ததிலிருந்து வாசல் கூட்டி, மாடு கறந்து, அடுப்பில் நின்றவள் அவள். அவளிடம் இன்று இந்த மனுஷன் கேட்ட ஒரே கேள்வி "சட்னி எங்க?" என்பதுதான். பள்ளிவாசலில் இருக்கிற எவளோ ஒருத்திக்குக் களைப்பாக இருக்குமே என்று மட்டும் உருகுகிறான்.

அந்த எவளோ தான்தான் என்பது தெரிந்தும் செல்வப்பிரியாவுக்கு ஆறவில்லை. கற்பகத்தைக் கையில் கிடைத்தால் கிழித்துவிடலாம் போலிருந்தது.

"உங்க வீட்டுக்கார அம்மாவையும் கிளாஸ்ல சேக்கலாமே?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டுப் பார்த்தாள்.

"மை வைஃப்? ஷி மஸ்ட் ஆல்ரெடி நோ எவ்ரிதிங்."

இது பெருமையா, நக்கலா? அன்று முழுக்க யோசித்தாள். நக்கல் என்று முடிவுகட்டி ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள். அவன் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடித்தானே தவிர வாய் திறக்கவில்லை.

கற்பகத்தை மக்காக்கிவிட்டால் ஜோடி பிரியும் என்று அடுத்த யோசனை. வேண்டுமென்றே "ஐ ஆல்வேஸ் வில்", "ஐ நெவர் கேன்" என்று தாறுமாறாகப் பேசினாள். சிவப்பிரகாஷ் கோபப்படவே இல்லை. "பரவால்லீங்க கற்பகம், மெதுவா வரும். சாயங்காலமும் ஒருக்கா கூப்பிடறனுங்க," என்று இன்னொரு வேளைப் பேச்சைச் சேர்த்துக்கொண்டான். அதுவும் எத்தனை 'ங்க'.

கடைசியாக, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கற்பகத்துக்கு லீவு போட்டுவிட்டாள். அன்று ராத்திரி சிவப்பிரகாஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"ஏனுங்க, சாப்பிடலீங்களா?"

"பள்ளிவாசல்ல ஒரு புள்ள கூடப் படிக்குது. அம்மாக்கு முடியலையாமா. பாவமா இருக்குது."

"தலைவலின்னு நான் படுத்திருந்தப்ப உங்களுக்குப் பாவமா இல்லீங்களா?"

"நீ மாத்திரை போட்டுக்கிட்டயல்ல."

மறுநாள் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கற்பகம் வகுப்புக்குத் திரும்பினாள். அம்மா எப்படி என்று மிஸ் கேட்டு முடிப்பதற்குள் மாடியிலிருந்து சிவப்பிரகாஷ் தெளிவாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

"மிஸ், ஐ வில் டெஃபனட்லி கோ டு பள்ளிவாசல் ஆன் சண்டே. ஐ வில் பெர்சனலி சீ கற்பகம்ஸ் மதர்."

"வெரி குட் சார். ரெண்டும் கரெக்ட்டா நடுவுல உக்காந்திருக்கு."

துண்டு கழன்று மாட்டின் காலடியில் விழுந்தது.

"ஞாயித்துக்கெழம ஊட்டை உட்டு ஒரு அடி எடுத்து வெச்சுப் பாருங்க, அப்புறம் தெரியும் நான் யாருன்னு."

போனில் ஒரு தடவை, கொட்டகையிலிருந்து ஒரு தடவை என்று அது மொட்டை மாடிக்கு இரண்டு தடவை கேட்டது. சிவப்பிரகாஷ் போனைப் பிடித்தபடியே படியிறங்கிக் கொட்டகைக்கு வந்தான். தலையெல்லாம் வைக்கோலாக அவன் மனைவி நின்றிருந்தாள்.

"நீயா கற்பகம்?"

"டயர்டா இருக்குமேன்னு என்கிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா? அவகிட்ட மட்டும் சொல்றீங்க."

"அவ நீதான புள்ள."

"அது உங்களுக்குத் தெரியாதல்லோ?"

சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். அவன் கிட்டே வந்து அவள் தலையிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்தான்.

"எனக்குத் தமிழ்ல அப்படிக் கேக்க வெக்கமா இருக்குது பிரியா. இங்கிலீஷ்னா யாரோ சொல்ற மாதிரி வந்துருது." போனை வாயருகே கொண்டுபோனான். "மிஸ், எங்கூட்டுல சங்கடமாகுதுங்க. நான் இன்னையோட கிளாஸை நிறுத்திக்கறனுங்க."

"ஐயோ, நீங்க நிறுத்தண்ட," என்று பதறினாள் சிஞ்சு மிஸ். "கற்பகம் உங்க வைஃப். பவுல்ராஜ் என் வீட்டுக்காரர் ரிஜின், நான் யார்கூடப் பேசறேன்னு அடுத்த ரூம்ல உக்காந்து கேக்கறார். ராசம்மா அவரோட அம்மா, மகன் என் பேச்சுல மயங்கறானான்னு அடுக்களையில உக்காந்து கேக்கறாங்க. இந்த கிளாஸ்ல இங்கிலீஷ் படிக்க வந்தது நீங்க ஒருத்தர் மட்டும்தான் சார்."